சொல்லிவிட்டுப் புறப்படுதல்

மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியிலே, கொட்டியாரக் குடாவின் தென்புறத்தில், கட்டைபறிச்சான் என்னும் சிற்றூர் உள்ளது. ஒருபுறம் களப்பு, மறுபுறம் வயல். திருகோணமலைப் பட்டினத்திலிருந்து அங்குச் செல்வோர் முன்னாளில் குடாவைப் படகிற் கடந்து மூதூரில் இறங்குவர். 2009ஆம் ஆண்டு அக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர்த் தரைவழிப் பயணம் எளிதாயிற்று.

வந்தவரையும் போனவரையும் இவ்வட்டாரம் கண்டதுபோல் வேறு பல இடங்கள் கண்டிருக்கமாட்டா. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி எழுந்தபோது மூதூர்க் கரையோரம் பேரழிவுக்கு உள்ளாயிற்று. உதவி செய்யவென்று உலகின் பல திசைகளிலுமிருந்து நிறுவனங்கள் வந்தன. அந்தத் துயர் ஆறுமுன், 2006 ஏப்பிரல் இறுதியில் சம்பூர்ப் பகுதிமீது குண்டுகள் வீழ்ந்தன. மக்கள் வீடுவாசலை விட்டு அகன்றனர். வாகரை, மட்டக்களப்பு என அலைந்து, 2007இல் மூதூர்ப் பிரதேசத்துக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்ட பின்னும் அவர்களுக்குச் சொந்த ஊர் வாய்க்கவில்லை. சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டிருந்தது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் அமைந்த இடைத்தங்கல் முகாம்களிலே அவர்கள் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். தம் கிணறும் தம் வளவும் சில மைல் தொலைவில் இருக்க, அவற்றைக் காண இயலாமல் இருப்பது எத்தகைய வாழ்வு என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2015இல் 818 ஏக்கர் நிலமும், 2016இல் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டன. அதன் பின்னரே அவர்கள் தம் மண்ணை மிதித்தனர்.

இந்த ஆண்டுகளில் நிவாரணப் பணியாளரும், உளவளத்துணையாளரும், ஆய்வாளரும், பயிற்சி மாணவரும் இப்பகுதிக்கு வந்து சென்றனர். சிலர் திட்டக் காலம் முடிந்து போயினர். சிலர் பணம் தீர்ந்து போயினர். போக முடியாமலே போனவரும் உளர். 2006 ஆகஸ்ட் 4ஆம் நாள், பட்டினிக்கு எதிராகப் பணியாற்றும் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் மூதூரில் தம் அலுவலக வளவிலேயே கொல்லப்பட்டனர். உதவ வந்தவர் மறுநாள் இல்லாமற் போவது இம்மக்களுக்குக் கேள்வியறிவு அன்று, கண்ட செய்தி.

இத்தகைய ஊரொன்றுக்குச் சமூகப்பணி பயிலும் மாணவி ஒருத்தி களப்பயிற்சிக்கு வருகிறாள் எனக் கொள்க. சமூகப்பணிக் கல்வி நம்மவர்க்குப் புதியதன்று. 1936இல் பம்பாயில் அதற்கெனப் பள்ளி தோன்றியது. 1952இல் கொழும்பிலும், அதே ஆண்டில் சென்னையிலும் நிறுவனங்கள் தொடங்கின. கொழும்பில் தொடங்கியதன் வழிவந்ததே இன்றைய தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். ஏட்டுக் கல்வியோடு களப்பயிற்சியும் இக்கல்வியின் இன்றியமையாத பாகம். வாரத்தில் குறித்த நாள்களில் மாணவர் மக்களிடையே சென்று பழகிச் சில மாதங்களின் பின் விடைபெறுவர். அந்த விடைபெறுதல் எவ்வாறு நிகழவேண்டும் என்பதுதான் இங்கே ஆராயத்தக்க பொருள்.

அது ஒரு சிறு பொருள் போலத் தோன்றும். ஆயின் தமிழில் விடைபெறும் முறையைச் சற்று எண்ணிப் பார்த்தால் அதன் சிக்கல் விளங்கும். தமிழர் ‘போகிறேன்’ என்று சொல்லிப் புறப்படுவதில்லை. ‘போய் வருகிறேன்’ என்பதே மரபு. ஈழத்துப் பேச்சு வழக்கில் ‘போயிட்டு வாறன்’. திரும்பி வராத பயணத்திற்கும் அதுவே சொல். வீட்டாரும் ‘போ’ என்னார். ‘போயிட்டு வாங்க’ என்றே விடைகொடுப்பர். சொல்லாமற் புறப்படுவது ஓரிடத்தில் மட்டுமே முறை: அது சாவு வீடு. அங்கே ‘போய் வருகிறேன்’ என்று சொல்லுதல் ஆகாது. வந்தவர் வாய் திறவாமல் எழுந்து செல்வர்.

இனி, மாணவியின் நிலையை நோக்குக. பயிற்சி முடியும் நாளில் வழக்கம்போல் ‘போயிட்டு வாறன்’ என்றால், கேட்பவள் அடுத்த கிழமையும் வாசலைப் பார்த்திருப்பாள். ஒன்றும் சொல்லாமற் சென்றாலோ, இருக்கும் வீட்டைச் சாவு வீடாக்கிய குற்றம் நேரும். ‘இனி வரமாட்டேன்’ என்று வெட்டிச் சொல்லுதல் தமிழ்ச் செவிக்குச் சாபம் போல் ஒலிக்கும். மேல்நாட்டுப் பாடநூல் இம்மூன்றனுள் கடைசியை நேர்மை எனப் போற்றலாம். ஊர் வழக்கம் முதலாவதைப் பண்பு எனக் கொள்ளும். நடைமுறையில் அஞ்சிய மாணவர் பலர் தேர்வது இரண்டாவதையே. இறுதி நாளன்று உடல்நலமில்லை என்று அலுவலகத்திலே தங்கிவிடுதல் எங்கும் காணப்படும் தந்திரம்.

கட்டைபறிச்சான் முதலிய இடங்களில் இதற்கு மேலும் ஒரு கனம் உண்டு. காணாமற் போனவர்களின் வீடுகள் அங்கே உள்ளன. வயலுக்கெனவும் கடலுக்கெனவும் போயிட்டு வாறன் என்று சொல்லிச் சென்ற கணவனோ மகனோ இன்றளவும் வாராத வீடுகள் அவை. இறந்தார் என்று ஈமக்கடன் செய்யவும் மனம் வாராது. இருக்கிறார் என்று நம்பவும் சான்று கிடையாது. அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் என்பார், வியட்நாம்ப் போரில் காணாமற் போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்து, இத்தகைய தெளிவற்ற இழப்புக்குத் தனியாக ஒரு பெயர் கொடுத்தார். 1999இல் அதனை நூலாகவும் விரித்தெழுதினார். முடிவு தெரியாமையே அவ்விழப்பின் கொடுமை என்பது அவர் கண்டது. அத்தகைய தாய் ஒருத்தியிடம் நான்கு மாதம் பழகி, அவள் நெஞ்சைத் திறக்கச் செய்து, பின் சொல்லாமல் மறைந்துவிடும் பணியாளர், பழைய புண் எந்த வடிவில் உண்டாயிற்றோ அந்த வடிவிலேயே புதிய புண்ணை உண்டாக்குகிறார்.

கடற்கோளின் பின் இலங்கைக்கு வந்த உளநல உதவிகளைப் பற்றி ஈதன் வாட்டர்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2010இல் வெளியான தம் நூலில் ஓர் அத்தியாயம் எழுதியுள்ளார். மொழியும் வழக்கமும் அறியாத பலர் விரைந்து வந்ததை அவர் குறைகூறுகிறார். உளவியலாளர் காயத்திரி பெர்னாண்டோவின் ஆய்வொன்றையும் அதில் எடுத்துக்காட்டுகிறார். துன்பம் என்பதை இலங்கையர் தனிமனிதரின் உள்ளே நிகழும் கேடாகக் காட்டிலும், உறவுகளில் நேரும் முறிவாகவே உணர்கின்றனர் என்பது அவ்வாய்வின் கருத்து. இது மெய்யாயின், உறவைக் கவனமின்றி முறித்தல் மருந்தைக் கொடுத்துவிட்டு நோயையும் கொடுப்பது போலாகும்.

சமூகப்பணி நூல்கள் இந்த முடிவைப் பற்றி என்ன சொல்கின்றன? வியப்பான செய்தி யாதெனில், உறவைப் பற்றிப் பெரிதும் பேசிய நூலில் முடிவுக்கு இடம் குறைவு. யேசு சபைத் துறவியாகிய ஃபீலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் எழுதிய நூல் உறவுக்கு ஏழு தத்துவங்களை வகுத்தது; மாணவர் இன்றும் அவற்றை மனனம் செய்கின்றனர். அவ்வேழனுள் விடைபெறுதல் என்பது ஒன்றாக எண்ணப்படவில்லை. அதற்கு முன்பே, 1933இல், பிலடெல்பியாவில் பணியாற்றிய ஜெசி டாஃப்ட் என்ற அம்மையார் முடிவையே பணியின் நடுநாயகமாக வைத்துச் சிந்தித்தார். சந்திப்புக்கு எல்லையுண்டு என்று இருவரும் அறிந்திருப்பதே உதவியின் ஆற்றலுக்கு ஒரு காரணம் என அவர் கருதினார். இங்குள்ள மாணவருக்கு ஏழு தத்துவங்களைவிட இந்த அம்மையாரின் கருத்தே மிகுதியும் பயன்படும்.

அதன்படி பார்த்தால் விடைபெறுதல் இறுதி நாளில் தொடங்குவதன்று. முதல் நாளிலேயே தொடங்குகிறது. முதற் சந்திப்பிலேயே, தான் பயிலும் மாணவி என்பதையும், இன்ன மாதம் வரையே வருவாள் என்பதையும் அவள் சொல்லிவிட வேண்டும். சொன்னது மறக்கும், ஆதலின் இடையிலும் சொல்லவேண்டும். கடைசி நான்கைந்து கிழமைகளில் எத்தனை சந்திப்புகள் எஞ்சியுள்ளன என்பதை ஒவ்வொரு முறையும் நினைவூட்டுதல் நன்று. முகாம் வாழ்வில் நாள்காட்டியைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இன்ன நாள் என்று ஒரு திகதி மெய்யாகவே நிலைத்து நிற்பது அரிய அனுபவம்.

ஆயினும் திகதி சொன்னவுடன் எல்லாம் சீராகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. சிலர் அச்செய்தியைக் கேட்டதும் கதவைச் சாத்திக்கொள்வர். அடுத்த முறை மாணவி செல்லும்போது வீட்டில் ஆளிருந்தும் விடை வாராது. தாம் கைவிடப்படுமுன் தாமே கைவிட்டுவிடும் தற்காப்பு அது. வேறு சிலருக்கு, ஆறியிருந்த துன்பங்கள் அனைத்தும் கடைசிக் கிழமையில் மீண்டும் கிளம்பும். தலைவலி வரும், பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டான், கடன்காரன் வந்து நிற்பான். இவற்றைப் பொய் என்று கொள்ளலாகாது. ‘இன்னும் தேவை இருக்கிறது, போகாதே’ என்பதைச் சொல்லத் தெரியாத நெஞ்சு இவ்வாறு சொல்லுகிறது. அதைக் கேட்டு இரங்கிப் பயிற்சிக் காலத்தை நீட்ட முயலும் மாணவிக்கு மேற்பார்வையாளர் இடங்கொடாமை கடுமை போலத் தோன்றினும் கருணையே ஆகும். நீட்டிய நாளும் ஒருநாள் முடியும். அன்று வாக்கு இருமுறை பொய்த்ததாகும்.

உறவுப் பெயர் இங்கே ஒரு தனிச் சிக்கல். தொடக்கத்தில் எல்லோர்க்கும் அவள் ‘மிஸ்’. சில கிழமை சென்றபின் ஒருநாள், தேநீர் கொடுக்கும்போது, அந்தத் தாயின் வாயில் ‘மகள்’ என்று வருகிறது. மாணவி அன்று மகிழ்ந்து பதிவேட்டில் நம்பிக்கை ஏற்பட்டுவிட்டது என்று எழுதுவாள். எழுதியது சரியே. ஆனால் மிஸ்ஸுக்குத் தவணை உண்டு. மகளுக்குத் தவணை இல்லை. தமிழில் உறவு தொடங்குவதற்குச் சடங்குகள் பல இருக்க, முடிப்பதற்குச் சடங்கே இல்லை. ஆதலின் மகள் என்ற சொல்லை மறுக்கவும் வேண்டா, அதன்மேல் ஏறி அமரவும் வேண்டா. திருமணமாகித் தூரத்து ஊருக்குப் போன மகளையும் தாய் மகள் என்றே சொல்லுகிறாள். ஆனால் விறகு வெட்ட அவள் வருவாள் என்று எதிர்பார்ப்பதில்லை. அந்த அளவில் அச்சொல்லை வைத்துக்கொள்ளலாம்.

பின் இறுதிச் சந்திப்பில் சொல்லத்தக்கது என்ன? ஏறக்குறைய இவ்வாறு சொல்லலாம்: “அம்மா, இன்றோட என்ட பயிற்சி முடியுது. இனிச் செவ்வாய்க்கிழமையில என்னைப் பார்த்திருக்க வேண்டாம். உங்கட கடிதத்தைக் கொண்டு பிரதேச செயலகத்துக்கு நாங்க ரெண்டு பேரும் போனமே, அந்த உத்தியோகத்தருக்கு உங்களைத் தெரியும். நீங்க தனியப் போனாலும் கதைப்பாங்க. நான் போயிட்டு வாறன்.” ஊர் வழக்கின் சொல் இங்கே இறுதியில் நிற்கிறது, ஆனால் பொய்யான எதிர்பார்ப்பை முந்திய வாக்கியங்கள் நீக்கிவிட்டன.

அவ்வாறு சொல்வதற்கு அந்த உத்தியோகத்தரை முன்கூட்டியே அறிமுகம் செய்திருக்க வேண்டும் என்பது வெளிப்படை. இதுவே பணியின் பெரும்பகுதி. மாணவர் பெரிதும் புறக்கணிப்பதும் இதுவே. காகிதத்தில் ‘மாற்றி அனுப்பப்பட்டது’ என்று எழுதுவது எளிது. கிராம உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், குடும்பநல மருத்துவமாது, மூதூர் வைத்தியசாலை எனப் போகுமிடங்கள் ஊரிலும் அயலிலும் இருக்கத்தான் செய்கின்றன. இருந்தும் அவற்றின் வாசலை மிதிக்க அஞ்சுவோர் பலர். முன்னர் அங்கே பெயர் கேட்டதும் முகவரி கேட்டதும் வேறு விதமான விசாரணைகளை நினைவூட்டும். ஆகவே மாணவி உடன் செல்ல வேண்டும். முதன்முறை அவளே பேசலாம். இரண்டாம் முறை அந்தத் தாய் பேச, அவள் அருகிலிருக்கலாம். மூன்றாம் முறை அவள் வெளியே மரநிழலில் நின்றாற் போதும். அயல்வீட்டாரையும் மாதர் சங்கத்தையும் மறந்துவிடலாகாது. மாணவி வருமுன் அந்தத் தாயைத் தாங்கியவர் அவர்களே; அவள் போன பின்னும் தாங்கப்போகிறவர் அவர்களே.

பொருள் கொடுப்பது பற்றியும் ஒரு சொல். கடைசி நாளன்று நான்கு முட்டையோ, ஒரு சிறு பொதி கருவாடோ மாணவியின் கையில் திணிக்கப்படும். பரிசு பெறலாகாது என்பது விதி. பணமும் நகையும் ஆயின் விதி நிற்கட்டும். முட்டையை மறுப்பது வேறு. மாதக்கணக்காகப் பெறுபவராகவே இருந்தவர் ஒருமுறை கொடுப்பவராக நிமிரும் தருணம் அது. வாங்கி, அங்கேயே அவித்து எல்லோரும் பகிர்ந்து உண்டுவிட்டு, மேற்பார்வையாளரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டால் விதியும் பிழைக்கும், மனமும் நோகாது. தொலைபேசி எண் கேட்கப்படுமாயின் அது முட்டையை விடக் கடினம். எண்ணைக் கொடுத்துவிட்டு அழைப்பை எடுக்காமல் இருத்தலே இக்காலத்தில் சொல்லாமற் போதலின் புதிய வடிவம். நிறுவனத்தின் எண்ணைக் கொடுத்து, அதில் எவர் பேசுவார் என்பதையும் சொல்லுதல் தகும்.

எஞ்சியது கோப்பு. அடுத்த பயிற்சி மாணவர் வந்தால் அதைப் படிப்பார். அவர் வந்து, “உங்கட மகன் எப்ப காணாமப் போனவர்?” என்று முதலிலிருந்து கேட்கத் தொடங்கினால், அந்தத் தாய் அதே கதையை மீண்டும் அவிழ்க்க வேண்டும். கோப்பு செவ்வையாக இருந்தால் அத்துன்பம் தவிரும். ஆனால் தனிமையில் நம்பிச் சொன்னவை எல்லாவற்றையும் அதில் கொட்டிவிடலாகாது. எதை எழுதலாம், எதை எழுதவேண்டாம் என்பதை அந்தத் தாயையே கேட்டு, எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டுதல் வேண்டும். படிக்கும்போது அவள் இடைமறித்துத் திருத்துவாள். ‘விதவை’ என்று எழுதியிருந்தால் அதை வெட்டச் சொல்லுவாள். வெட்டிவிட்டு, கணவர் இருக்குமிடம் தெரியவில்லை என்று எழுதி, திகதி இட்டு, மாணவி கோப்பை ஒப்படைக்கலாம்.