கைதட்டும் வரிசையிலிருந்து மேடைக்கு

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



கலைத்திருவிழா நெருங்கினால் நம் பள்ளிகள் பாட்டும் பறையுமாகக் களைகட்டிவிடும். அப்போது சக்கர நாற்காலியில் வரும் மாணவர் எங்கே இருக்கிறார்? பெரும்பாலும் கைதட்டும் வரிசையில்தான். "அந்தப் பிள்ளையால வாசிக்க முடியாதுங்க" என்கிறோம். அந்தக் கருவி அவருக்கு ஏற்றதா என்று யோசிப்பதில்லை.

வயலின் ஒலிக்க வில்லோ விரலோ தந்தியைத் தொட வேண்டும். மின்னணுக் கருவியில் ஒலியை உண்டாக்குவது மின்சுற்று. அதற்கு ஒரு சமிக்ஞை கிடைத்தால் போதும். அது விரலிலிருந்தும் வரலாம், முழங்கையிலிருந்தும் வரலாம். இங்கிலாந்தில் உருவான சவுண்ட்பீம் என்ற கருவி, காற்றில் கையசைத்தாலே மீயொலி அலைகளால் அசைவை உணர்ந்து இசைக்கிறது.

விலை உயர்ந்த கருவி நமக்கு எதற்கு? பள்ளிக் கணினியில் ஸ்கிராட்ச் மென்பொருளைத் திறந்து, இசை நீட்டிப்பைச் சேருங்கள். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் முரசு ஒலிக்கும்படி இரண்டே கட்டளைகளில் அமைக்கலாம். மற்ற விசைகளை அட்டையால் மூடிவிட்டால் கை தவறிப் பட்டாலும் கவலையில்லை. மூளை முடக்குவாதம் உள்ள மாணவர் சிலருக்கு அழுத்திய கையை உடனே எடுப்பது கடினம். முரசு அடித்துக்கொண்டே போகும். 'விசையை விடும்வரை காத்திரு' என்று ஒரு கட்டளையைக் கடைசியில் சேர்த்தால் ஓர் அழுத்தத்துக்கு ஓர் அடிதான். ஒலிபெருக்கியைக் கம்பி வழியாக இணையுங்கள். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும், தாளம் தப்பும்.

பார்வைத்திறன் குறையுள்ள மாணவருக்கு வேறொரு தடை. பழைய கீபோர்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொத்தான் இருந்தது, தடவி அறியலாம். இன்று பலவற்றில் எல்லாம் வழவழப்பான தொடுதிரைக்குள் போய்விட்டன. ஆகவே கீபோர்டு வாங்குமுன் கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு இயக்கிப் பாருங்கள். ஒலியைக் கூட்டவும் கருவியை மாற்றவும் முடிகிறதா? முடிந்தால் வாங்குங்கள். ச, ப கட்டைகளின் ஓரத்தில் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் விரல் தானே இடம் கண்டுகொள்ளும்.

எது வசதி என்று அந்த மாணவரையே கேளுங்கள். பார்வையற்ற இசைக்கலைஞர் ஸ்டீவி வொண்டருடன் நடந்த உரையாடலிலிருந்து பிறந்ததுதான் ரே கர்ஸ்வைல் 1984இல் வெளியிட்ட கே250 கீபோர்டு.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு முறை அழுத்தினால் முழுப் பாட்டும் ஓடும்படி அமைத்து, அவர் வாசித்ததாக மேடையில் காட்டாதீர்கள். பிள்ளைகளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தாளத்தின் முதல் அடியை அவரிடம் கொடுங்கள். அவர் அடித்தால்தான் பாட்டு தொடங்க வேண்டும். தவறினால் எல்லோரையும் போல அவரும் மறுபடி பயிற்சி எடுக்கட்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, கல்வியோடு பொழுதுபோக்குச் செயல்பாடுகளிலும் சம வாய்ப்பு தரச் சொல்கிறது. இந்த ஆண்டுக் கலைத்திருவிழாவுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதும்போது அந்தப் பெயரையும் எழுதுங்கள். கருவியை நாம் சேர்ந்து சரிசெய்து கொள்ளலாம்.