நூலகங்களின் பொதுமொழி



நான் தலைமையாசிரியனாய் இருந்த நாளில் மாணவனொருவன் ஒரு நூலைக் கேட்டான். எங்கள் பள்ளியின் மூன்று அலமாரிகளிலும் அது இல்லை. "வேறெங்கே கிடைக்கும், ஐயா?" என வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. அவ்வினாவிற்கு இன்று விடை உண்டு. அதனை ராயகிரியில் இருந்தபடியே பெறலாம். எங்ஙனம் என்பதே என் பேச்சு.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக என்பது, சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளுள் நான்காவதாகும். ஆனால், ஒவ்வொரு நூலகமும் தன் பட்டியலைத் தனக்குரிய கணினி முறையில் வைத்திருக்கிறது. ஒன்றின் முறை மற்றொன்றிற்கு விளங்காது. இவ்விடரைப் போக்க, கேட்கும் முறையையும் விடையளிக்கும் முறையையும் பொதுவாக வகுத்தனர். 1988இல் அமெரிக்காவில் வெளிவந்த அந்நெறிமுறையின் பெயர் இசட் 39.50. அதன்படி நூலின் தலைப்பைத் தேட 4, ஆசிரியரைத் தேட 1003 என எண்கள் உள. பட்டியல் எவ்வாறு அமைந்திருப்பினும் இவ்வெண்களின் பொருள் ஒன்றே.

நெறிமுறை தாளில் உள்ள விதி. கணினிக்கு அதனைக் கற்பிக்க நிரல் வேண்டும். தச்சன் ஒவ்வொரு வீட்டிற்கும் புதிதாக உளி வடிப்பதுண்டோ? டென்மார்க்கைச் சேர்ந்த இன்டெக்ஸ் டேட்டா நிறுவனத்தார் இதற்கென ஆக்கிய கருவித் தொகுதியே 'யாஸ்'. கேள்வியைக் கட்டி அனுப்புதல், வந்த விடையைப் பிரித்தல் ஆகிய பணிகளுக்குரிய நிரற்பகுதிகளை அது ஆயத்தமாகத் தருகிறது, விலையில்லை. நியூசிலாந்தில் தோன்றிய 'கோஹா' என்னும் நூலக மென்பொருள் அதன் துணைகொண்டே பிற நூலகங்களின் குறிப்புகளைப் பெறுகிறது. இதனால் சிற்றூர் நூலகர் ஒவ்வொரு குறிப்பையும் தாமே எழுத வேண்டுவதில்லை.

இது நூலைத் தாராது; இருக்குமிடத்தையே காட்டும். மற்றொரு குறையும் உண்டு. அயல்நாட்டுப் பெருநூலகங்கள் பலவற்றில் தமிழ் நூல்களின் பெயர்கள் நெடுங்காலம் ரோம எழுத்திலேயே பதியப்பெற்றன. நீங்கள் தமிழில் எழுதித் தேடினால், நூல் அங்கு இருந்தும் இல்லையென்றே விடை வரலாம். இக்குறையைத் தமிழறிந்தவரே தீர்க்க இயலும். தமிழும் நிரலும் ஒருங்கே கற்ற இளைஞர் உங்களுள் தோன்றுவாராயின், அம்மாணவனின் வினாவிற்கு விடை முழுமையுறும்.