சர்வீஸ் முடிந்த ஸ்கூட்டர் ஓடாவிட்டால்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தையும் விடுப்பையும் பற்றிப் பேசவேண்டிய கிராணி, ஸ்கூட்டர் வயரைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சிலர் நகைக்கலாம். நகையுங்கள். ஆனால் விடியுமுன் பிரட்டுக்கு வரவேண்டிய தோழர், வண்டி ஓடாமல் ஒரு நாள் வேலையை இழந்தால், அதுவும் சம்பளப் பிரச்சினைதான் அல்லவா?

நம்மில் சிலர் வைத்திருப்பது பிறர் ஓட்டிக் கழித்த பழைய வெஸ்பா. 1946-ஆம் ஆண்டு இத்தாலியில் பியாஜியோ கம்பெனி கொண்டுவந்த வண்டி அது. எத்தனையோ மாடல் மாறியும், காலால் உதைத்து ஓட்டும் பழைய வெஸ்பாக்களின் அடிப்படை ஒன்றுதான். எஞ்சினோடு சுழலும் சக்கரத்தில் காந்தம் இருக்கிறது. அதற்குள்ளே காயில்கள் இருக்கின்றன. சக்கரம் சுழன்றால் மின்சாரம் பிறக்கும். அந்த மின்சாரம்தான் பிளக்கில் பொறியாகிறது. ஆகவே, பொறி வரவில்லை என்றதும் “பாட்டரியை மாற்று” என்று எவராவது சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். இந்த வண்டிகளில் பல பாட்டரியே இல்லாமல் ஓடுபவை.

கணக்குப் புத்தகத்தில் கூட்டல் ஒத்துவராவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்? முதல் பக்கத்திலிருந்தா தேடுவோம்? கடைசியாக ஒத்துவந்த நாளுக்குப் பின் எழுதிய வரிகளைத்தான் பார்ப்போம். வண்டிக்கும் அதே வழிதான். நேற்றுவரை ஓடியது, சர்வீஸ் செய்த பிறகு ஓடவில்லை என்றால், சர்வீஸில் எங்கெங்கே கை பட்டதோ அங்கேதான் முதலில் பார்க்கவேண்டும். நன்றாக இருந்த காயில் அன்றைக்கென்று பார்த்துக் கெட்டுப்போவது அபூர்வம். நசுங்கிய வயர், கழன்ற முனை, இறுக்காத திருகு, இவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

நம் டிவிஷனில் பால் வெட்டும் தோழர் ஒருவரின் வண்டிக்குச் சர்வீஸ் நடந்தது. மறுநாள் எத்தனை உதைத்தும் எஞ்சின் பிடிக்கவில்லை. காயில் போயிற்று, சி.டி.ஐ. பெட்டியும் போயிற்று, வயர் முழுவதும் புதிதாகப் போடவேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். அவர் கடன் கேட்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் பார்த்தால், எஞ்சின் மூடிக்கு அடியில் பச்சை வயர் ஒன்று நசுங்கித் தோல் கிழிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. டேப் சுற்றி, வயரை ஒதுக்கி வைத்தோம். வண்டி ஓடிவிட்டது.

இந்தப் பச்சை வயரைச் சற்று விளங்கிக்கொள்ளுங்கள். பி.எக்ஸ். மாடலில் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தும்போது, வீட்டு விளக்கைப்போல மின்சாரம் அறுந்து நிற்பதில்லை. பச்சை வயர் இரும்போடு சேர்கிறது. பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் இரும்பில் இறங்கிவிடுகிறது. அதனால்தான் எஞ்சின் நிற்கிறது. ஆகவே அந்த வயர் வழியில் எங்கே இரும்பைத் தொட்டாலும், சாவி எப்போதும் மூடியிருப்பதற்குச் சமம்.

சோதிப்பது எளிது. முதலில் பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியில் மாட்டி, பிளக்கின் உலோகம் எஞ்சின் இரும்பில் நன்றாகப் படும்படி வைத்து உதையுங்கள். பிளக் கழற்றிய துவாரத்துக்கு அருகே வைக்காதீர்கள். அங்கே பெட்ரோல் ஆவி வரும். பிளக் இரும்பில் படாமலும் உதைக்கவேண்டாம், சி.டி.ஐ. பெட்டிக்கு அது கெடுதல். பொறி இல்லையா? நல்லதென்று தெரிந்த வேறு பிளக்கைப் போட்டுப் பாருங்கள். தொப்பி வயரில் இறுக்கமாகத் திருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால், பெட்டியிலிருந்து சாவிப் பக்கம் போகும் பச்சை வயரை மட்டும் கழற்றிவிட்டு உதையுங்கள். பொறி வந்தால் பெட்டியும் காயிலும் நல்லவை. குற்றம் அந்த வயரிலோ சாவியிலோதான். இந்த நிலையில் ஓட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: சாவியால் எஞ்சின் நிற்காது. பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியரில் போட்டு, கிளச்சை விட்டால் நிற்கும்.

அப்போதும் பொறி வராவிட்டால், காயிலிலிருந்து பெட்டிக்கு வரும் வெள்ளை, சிவப்பு, பச்சை ஆகிய மூன்றும் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாற்றி மாட்டிவிட்டுப் பெட்டியைப் பழிப்பதும் நடக்கிறது. பழைய வண்டிகளில் காந்தச் சக்கரத்துக்குள் இருக்கும் வயரின் தோல் சூட்டிலும் எண்ணெயிலும் உதிர்ந்துபோவது உண்டு. எஞ்சின் சூடானதும் நின்று, ஆறியதும் ஓடுகிறதென்றால் காயிலையும் சந்தேகிக்கலாம். அங்கே சுத்தியலோடு போகாதீர்கள். சக்கரத்தைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். கூலி கொடுத்துச் செய்விப்பதே மலிவு.

இனி விளக்கு. ஹேண்டிலைத் திருப்பும்போது விளக்கு அணைந்து எரிந்தால், ஹேண்டில் மூடிக்குள் வயர் நசுங்கியிருக்கலாம். பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் ரெகுலேட்டரைப் பாருங்கள். அது வண்டி இரும்போடு நன்றாகச் சேர்ந்திருந்தால்தான் மின்சாரத்தை அளவோடு வைக்கும். வண்டிக்குப் புதுச் சாயம் அடித்து, சாயத்தின் மேலேயே அதைத் திருகிவிட்டால் சேராது. அந்த இடத்தைச் சுரண்டினால் போதும். ரெகுலேட்டர் இல்லாத பழைய 6 வோல்ட் வண்டியில் பல்பின் வாட் அளவு மாறக்கூடாது; ஒன்று போனால் அதன் பங்கும் மற்றவற்றின் தலையில் விழும்.

சில பழைய மாடல்களில் ஒரு வேடிக்கை உண்டு. பிரேக் விளக்கும் பொறியும் ஒரே காயிலில் பிழைக்கின்றன. அந்தச் சிறு பல்பு போய்விட்டால், பிரேக்கை மிதித்ததும் எஞ்சின் நின்றுவிடும். இதைத் தெரியாமல் கார்புரேட்டரை மூன்று முறை கழுவியவர்கள் இருக்கிறார்கள்.

பட்டறைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை; அவர்களும் கையால் உழைப்பவர்களே. ஆனால் வண்டியை விடும்போது எது எது எரிந்தது, எது எரியவில்லை என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். எடுக்கும்போது அங்கேயே உதைத்து, விளக்கையும் ஹாரனையும் போட்டுப் பாருங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். ரசீதும் கேளுங்கள், சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கப் பழகிய நமக்கு இது பெரிய காரியமல்ல.

வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் சிறு மீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் மாலை 5 மணிக்குமேல் வந்து வாங்கிக்கொள்ளலாம். சம்பள நாளில் மட்டும் வராதீர்கள்.