கைநாட்டு



எங்கம்மா எதிரில் நாங்கள் உரக்கச் சிரித்ததில்லை. மாதனூரிலிருந்து ஆம்பூர் தோல் ஷாப்புக்குப் போய் வந்து நாலு பேரை வளர்த்தவர். 78 வயதிலும் அதே கண்டிப்பு.

பொங்கலுக்கு ஷூ கம்பெனி லீவு. கரிநாளன்று எல்லோரும் கூடியிருந்தோம். தம்பி வாய் தவறி, "அம்மா கைநாட்டு வெச்சா பேங்க் மேனேஜரே எழுந்து நிப்பாரு" என்றான். எனக்கு நடுங்கிவிட்டது. கைநாட்டு என்ற வார்த்தையே எங்கள் வீட்டில் ஆகாது.

அம்மா வெற்றிலையை மென்றபடி, "நிக்கட்டுமே. உங்கப்பன் வாங்கின கடனுக்கு நான் சுண்ணாம்புத் தொட்டியாண்ட 20 வருஷம் நிக்கலியா?" என்றார். முதலில் சிரித்ததும் அவரே. பேரப்பிள்ளைகளுக்குப் புரையேறிவிட்டது.

ராத்திரி பாய் போடும்போது மெதுவாகக் கேட்டார்: "என் பேரு எத்தினி எழுத்துடி?"

"மூணும்மா."

"அவ்ளோதானா?"