மலையடிவாரத்தில் சைக்கிள்



மாசி பிறந்துவிட்டால், கோவையிலிருந்து பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் வழியாகப் பூண்டிக்குப் போகும் சாலையில் சைக்கிள் மிதித்துப் போகும் இளைஞர்களைப் பார்க்கலாம். வெள்ளியங்கிரி மலை ஏறப் போகிறவர்கள். மலையேற அனுமதி பிப்ரவரி முதல் மே வரைதான். வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலோர் இரவில் ஏறுகிறார்கள். வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறிக் கும்பிட்டு இறங்குவதற்குள் பொழுது நன்றாக விடிந்துவிடும். அத்தனை நேரமும் சைக்கிள் அடிவாரத்தில் நிற்க வேண்டும்.

கடைவீதியில் சைக்கிளை நிறுத்தினால், நாம் எந்த நிமிடம் திரும்புவோம் என்று திருடனுக்குத் தெரியாது. அந்தப் பயம் அவனைத் தடுக்கும். மலையடிவாரத்தில் அந்தப் பயம் இல்லை. மேலே போனவர் காலையில்தான் வருவார் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே பூட்டை மட்டும் நம்பக் கூடாது. பூட்டு நேரத்தைத்தான் வாங்கித் தரும். காவல் மனிதர்களிடம்தான் இருக்கிறது.

பூட்டில் உள்ள வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்சக்கரத்தில் பொருத்தியே வரும் வளையப் பூட்டு சக்கரம் சுழலாமல் தடுக்கும். சைக்கிளைத் தூக்கிப் போவதைத் தடுக்காது. பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய கேபிள் பூட்டை ஒரு கட்டரால் நொடிகளில் நறுக்கிவிடலாம். கடினப்படுத்திய எஃகில் செய்த யூ வடிவப் பூட்டு அல்லது கனத்த சங்கிலிப் பூட்டு வாங்குங்கள். கனமாக இருக்கும், ஆனால் சைக்கிளிலேயே மாட்டி எடுத்துப் போகலாம்.

பூட்டும் முறையும் முக்கியம். சைக்கிளின் சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, தரையில் கான்கிரீட் போட்டு ஊன்றிய கம்பத்தோடு பூட்டுங்கள். கம்பத்தை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். குட்டையான கம்பம் என்றால், பூட்டோடு சேர்த்துச் சைக்கிளை மேலே உருவிவிடலாம். பூட்டு தரையில் படாமல் உயரத்தில் இருக்கட்டும். தரையில் கிடந்தால் சுத்தியலால் அடிக்க வசதியாகிவிடும். பூட்டுக்குள் கம்பி நுழைத்து நெம்ப இடைவெளி விடாதீர்கள். இளம் மரங்களில் சங்கிலி கட்ட வேண்டாம். பட்டை உரிந்துபோகும், மரமும் எளிதில் வெட்டுப்படும்.

பல கியர் சைக்கிள்களில் முன்சக்கரத்தையும் சீட்டையும் ஒரு நெம்புகோலைத் திருப்பியே கழற்றிவிடலாம். சீட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விளக்கு, பம்பு, பை எதையும் விட்டுவைக்காதீர்கள். தின்பண்ட வாசனை அடித்தால் குரங்குகள் பையைக் கிழித்துவிடும்.

இனி மனிதர்கள். அடிவாரத்துக் கடையில் நின்று, "அக்கா, மலைக்குப் போய்ட்டுக் காலையில வந்துருவனுங்க. சைக்கிள் இங்க நிக்கட்டுங்களா?" என்று கேளுங்கள். பெயர், கைபேசி எண், திரும்பும் நேரம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். இறங்கி வந்து ஒரு தொகையும் கொடுங்கள். இரவெல்லாம் ஒரு கண் வைத்திருந்த உழைப்புக்கு அது கூலி. நம்பிக்கையான இடம் கிடைக்கவில்லையா? பேருந்து நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் வாங்கி விட்டுவிட்டு, பஸ் பிடித்து அடிவாரம் போங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் களவு போனால்? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டப்படி, எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. திருட்டுப்போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால், அந்தத் திருட்டு காவல்துறை தானாகவே விசாரிக்கக்கூடிய குற்றங்களில் சேராமல் போகக்கூடும். எனவே சைக்கிள் வாங்கிய ரசீது மிக முக்கியம். அந்தக் காகிதம்தான் மதிப்புக்குச் சாட்சி.

பால் ஊற்றப் போகிறவருக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் சைக்கிள்தான் கால். அது போனால் மறுநாள் பொழுதே முடங்கிவிடும். ஆகவே இந்த உரை முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடல் அச்சுக்கு அடியிலோ சீட்டுக் குழாயிலோ பொறித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் படியுங்கள். ரசீதின் பின்பக்கம் அதை எழுதி, இரண்டையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நிம்மதியாக மலையேறுங்கள்.