பழைய மோட்டார் வாங்குவோர்க்குச் சில சொற்கள்

(நம் சங்கத்தின் மதுரைக் கிளை மாதக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



இம்மேடையில் இலக்கியம் பேசிப் பழகிய யான், இன்று இணையவழியிற் பழைய மோட்டார் வண்டி வாங்குவதைப் பற்றிப் பேச முன்வந்தது கண்டு உங்களிற் சிலர் நகைக்கக்கூடும். தலைப்பைச் சொன்னபோது காரியதரிசியவர்களும் நகைத்தார். யான் இதனைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் ஒன்றே. இத்துறையில் ஏமாந்தவருள் யானும் ஒருவன். சென்ற ஆண்டு ரூபாய் 33,000 இழந்தேன். என் மனைவியும் பழைய மாணவன் ஒருவனும் போலீஸாரும் அன்றிப் பிறர் இதனை இதுகாறும் அறியார்.

நம் ஊர்ப் பஸ் நிலையம் இருக்குமிடத்திற்கு மாட்டுத்தாவணி என்று பெயர். தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நீண்ட கயிறு. அச்சொல் ஆகுபெயராய் மாட்டுச் சந்தைக்கும் ஆயிற்று. சந்தையில் மாடு பிடித்த நம் பாட்டன்மார் பல்லைப் பிடித்து வயதறிவர், சுழி பார்ப்பர், நடக்கவிட்டுப் பார்ப்பர், அதன் பின்னரே தரகர் துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசுவார். ஆண்டு விலை மறைந்திருந்தது; மாடு மறையவில்லை. இக்காலத்து இணையச் சந்தையிலோ விலை யாவரும் காணக் கிடக்கின்றது, மாடுதான் மறைந்திருக்கின்றது.

என் கதை இது. செல்போனில் ஒரு விளம்பரம் கண்டேன். நான்கரை லட்சம் பெறுமென்று யான் எண்ணியிருந்த வண்டிக்கு இரண்டு லட்சத்துப் பதினையாயிரம் விலை. விற்பவர் தம்மைப் பட்டாளத்தார் என்றார். வடநாட்டுக்கு மாற்றலாகிவிட்டதால் அவசரமாக விற்பதாகச் சொன்னார். உடுப்புடன் கூடிய அடையாளச் சீட்டின் படத்தையும் அனுப்பினார். வண்டி மதுரை விமான நிலையத்தில் நிற்பதாகவும், அந்நியர் உட்புக அனுமதியில்லையாதலின் பட்டாளத்து லாரியில் ஏற்றி வீட்டு வாயிலுக்கே அனுப்புவதாகவும் கூறினார். முதலில் வாயிற்சீட்டுக்கு 5,150 ரூபாய். அடுத்து ஏற்றுகூலி 12,500. பின்னர்த் திரும்ப வரும் வைப்புத்தொகை என்று 15,350. மூன்றாம் தொகையை அனுப்பும்போது என் கை நடுங்கிற்று. ஆயினும் அனுப்பினேன். முதலிரண்டையும் இழந்துவிடலாகாதே என்னும் எண்ணந்தான் மூன்றாவதையும் இழக்கச் செய்தது. நான்காம் தொகை கேட்டபோது மறுத்தேன். அதன்பின் அந்த எண் ஒலிக்கவில்லை.

பெருங்குடிப் பக்கத்து விமான நிலையம் என் வீட்டிற்கு ஒன்பது கல் தொலைவுதான். ஒரு பஸ் ஏறிச் சென்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். யான் செல்லவில்லை. பட்டாளத்தார் என்ற சொல் என் வாயை அடைத்துவிட்டது. உடுப்பணிந்தவரை ஐயுறுவது பழியென்று நினைத்தேன். இவ்வேடம் இந்நாடு முழுதும் நடிக்கப்படுவதென்றும், போலீஸார் பல்லாண்டுகளாக இதனை எச்சரித்து வருகின்றனரென்றும் பின்னரே அறிந்தேன்.

இதனினும் பெரிய பிழை ஒன்று செய்தேன். நான்கு நாள் வாளாவிருந்தேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு அறிவு புகட்டுபவன் இப்படி ஏமாந்தான் என்று ஊர் சொல்லுமே என்னும் நாணம். ஐந்தாம் நாள் என் மாணவன், இப்பொழுது பாங்கியில் வேலை பார்ப்பவன், என் முகவாட்டம் கண்டு வற்புறுத்திக் கேட்டு, அப்பொழுதே 1930 என்னும் எண்ணுக்குப் பேசச் செய்தான். பணம் அன்று மாலையே கணக்கு விட்டுக் கணக்கு மாறிப் பிற மாநிலத்தில் எடுக்கப்பட்டுவிட்டதென்று பின்னர்த் தெரிந்தது.

அவ்வெண்ணின் செயலை எல்லாரும் அறிதல் வேண்டும். 1930 என்பது பணமோசடிக்கென்றே அரசாங்கம் அமைத்த உதவி எண். அனுப்பிய தொகை, நேரம், பரிமாற்ற எண் ஆகியவற்றைச் சொன்னால், பணம் சென்ற பாங்கிக்குச் செய்தி போகின்றது. அக்கணக்கில் எஞ்சியிருப்பதை அப்படியே நிறுத்தி வைக்கின்றனர். நிறுத்தப்பட்டது உரிய விசாரணைக்கும் உத்தரவுக்கும் பின் திரும்பி வரக்கூடும். எடுக்கப்பட்டதை நிறுத்துவதற்கில்லை. ஆதலின் முதல் ஒரு மணி நேரமே மிகுந்த பயன் தருவது. பேசிய பின் தேசியச் சைபர் குற்றத் தளத்தில் முழுப் புகாரும் பதிதல் வேண்டும். மோசடி 2024 ஜூலை முதல் நாளிலிருந்து வழங்கும் பாரதீய நியாய சன்ஹிதையின் 318ஆம் பிரிவில் அடங்கும். பழைய 420 என்று நாம் வழக்காகச் சொல்லும் குற்றமே அது. பேச்சுக்களையும் படங்களையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அவையே சான்று. இன்னொன்று: யூ.பி.ஐ. இரகசிய எண் பணம் அனுப்புவதற்கே. பெறுவதற்கு அவ்வெண்ணை ஒருபொழுதும் இட வேண்டியதில்லை. 'பணம் தருகிறேன், எண்ணை அழுத்துக' என்பவன் கள்வனே.

வண்டியே இல்லாத மோசடி இது. வண்டி இருந்தும் நிகழும் மோசடி வேறு.

சிலப்பதிகாரத்தில் இம்மதுரையிலேயே நடந்த சிலம்பு விற்பனையை நீங்கள் அறிவீர்கள். அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் புறத்தே ஒன்றுபோல் இருந்தன. உள்ளிருந்த பரல் ஒன்றில் முத்து, மற்றொன்றில் மாணிக்கம். அதனைப் பார்க்க எவரும் முற்படாமையால் ஓர் உயிர் போயிற்று. மோட்டாருக்கும் அத்தகைய உட்பரல் உண்டு. அதுதான் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும். பலகையில் எழுதிய டிஎன் 58, 59, 64 என்னும் நம் மதுரை எண்களை எவனும் எழுதிக்கொள்ளலாம். வண்டியின் உடலிற் பொறித்த எண்ணை, விற்பவன் காட்டும் நகலோடு அன்றி, அரசாங்கத்தின் பரிவாகன் பதிவோடு ஒப்பிடுதல் வேண்டும். உடையவர் பெயரிற் சில எழுத்துக்கள் மறைக்கப்பட்டிருப்பினும், இன்ஷூரன்ஸ், தகுதிச் சான்று, கடன் முதலிய பல செய்திகள் ஆண்டுக் கிடைக்கும். கட்டாத அபராதங்களையும் தனியே பார்க்கலாம்.

கடன் என்றேனே, அதன்பொருட்டு நம் சமூகத்தவர் ஒருவர் பட்டதைப் பெயர் சொல்லாது கூறுகிறேன். அவர் சம்மதம் பெற்றேன். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி. இணையத்திற் பார்த்துத் தொடர்புகொண்ட வியாபாரி, ஊரும் பெயரும் கேட்டுவிட்டு, 'நானும் நம்மவனே' என்றான். அவ்வொரு சொல்லுக்குப் பின் நம் நண்பர் ஒன்றும் கேட்கவில்லை. ஆர்.சி.யில் கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் அச்சாகியிருந்தது. 'அது அடைந்துவிட்டது, எழுத்து மட்டும் நிற்கிறது' என்றான் அவன். கடன் அடைந்ததற்குக் கம்பெனியின் ஆட்சேபமின்மைச் சான்றும் 35ஆம் நமூனாவும் கையில் வாராமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. எட்டாம் மாதம் வண்டி பறிபோயிற்று.

அதன்பின் நம் பெரியோர்கள், இங்கிருப்போர் சிலரும் என்னைப் பொறுக்க வேண்டும், 'நம்மவரை நாமே கோர்ட்டுக்கு இழுப்பதா' என்று மண்டபத்தில் உட்கார்த்திச் சமாதானம் பேசினர். ஓராண்டு அவ்வாறே கழிந்தது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்க வழக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டாண்டே கெடு. அதிற் பாதி தாம்பூலத்தோடு போயிற்று. சமாதானம் தீதென்று யான் சொல்லேன். அதனை எழுத்தில் வாங்குங்கள், நாள் குறித்து வாங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். நம்மவன் என்பதனாலேயே ஒருவன் கேள்விக்கு அப்பாற்பட்டவன் ஆகிவிட்டால், ஏமாற்ற நினைப்பவன் முதலிற் பூணும் வேடம் அதுவாகத்தானே இருக்கும்?

வியாபாரியிடம் வாங்கியவர்க்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் துணை. ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இன்றித் தாமே பேசவும் செய்யலாம். 1915 என்னும் எண்ணில் யோசனையும் கேட்கலாம். தனியொருவர் தம் சொந்த வண்டியை விற்றாரெனின் அது பெரும்பாலும் நுகர்வோர் வழக்காகாது; போலீஸும் சிவில் கோர்ட்டுமே வழி. 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து, பழைய வண்டி வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருத்தல் வேண்டும் என்பது விதி. கேட்டுப் பாருங்கள், சான்றிருப்பவர் முகம் சுளிக்கமாட்டார்.

வண்டியைப் பார்ப்பது பற்றி விரைந்து சொல்லிவிடுகிறேன். தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்வதே தக்கது. டயரின் பக்கத்தில் நான்கிலக்கம் உண்டு; 2219 எனின் 2019ஆம் ஆண்டின் 22ஆம் வாரம் செய்தது. இருபதினாயிரம் கிலோமீட்டர் ஓடியதாக மீட்டர் காட்ட, மிதிகட்டையின் ரப்பர் தேய்ந்து வழவழத்திருந்தால் மீட்டரை நம்பற்க. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கங்களிலும் வெள்ளம் வந்ததை மறவாதீர்கள். இருக்கைப் பட்டையை முடிவு வரை இழுத்துப் பாருங்கள். நீரில் மூழ்கிய வண்டியாயின் அடியிற் சேற்றுக்கோடு நிற்கக்கூடும்.

விற்போரும் இங்கு இருக்கின்றீர்கள். உங்களுக்கும் ஓர் அபாயம் உண்டு. ஏடு மாற்றாமல் வண்டியைக் கொடுத்துவிட்டால், அது விபத்துச் செய்யும்போது பதிவேட்டில் பெயருள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பென்று சுப்ரீம் கோர்ட்டு 2018இல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்புரைத்தது. நம் மாநிலத்துள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவரும், 30 நாளுக்குள் வாங்கியவரும் தெரிவித்தல் வேண்டும். 29, 30ஆம் நமூனாக்கள் அதற்குரியவை.

அந்நமூனாக்களின் நகல்களைச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் யானும் என் மாணவனும் அங்கிருப்போம். வண்டி வாங்க எண்ணுவோர் முன்பணம் கொடுக்குமுன் வண்டி எண்ணோடு வரலாம். ஏமாந்தோர் ஞாயிறு வரை காத்திராமல் 1930க்குப் பேசிவிட்டு வரலாம். என் புகார் இன்னும் விசாரணையில் இருக்கின்றது.