தியூத் தீவின் ஈயக் காசு

(ஈசூனில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மொழியியல் படித்த ஒருவன் பழங்காசு சேர்ப்பதைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். நான் பெரிய சேகரிப்பாளன் அல்லன். ஆயினும் என் கையில் இருக்கும் இந்தச் சிறு உலோகத் துண்டு, வகுப்பறையில் நான் பல்லாண்டு செய்த ஒரு பிழையை எனக்குக் காட்டிக் கொடுத்தது. அதைச் சொல்லவே வந்தேன்.

இதை வாங்கிய இடம் சுங்கை சாலைச் சந்தை. லிட்டில் இந்தியாவுக்கு அருகே நடந்து, 2017ஆம் ஆண்டு மூடப்பட்ட அந்தத் தெருச்சந்தையை இங்குள்ள மாணவர் பலர் கண்டிருக்க மாட்டார்கள். தரையில் விரித்த துணியின்மேல், ஓடாத கைக்கடிகாரங்களுக்கும் ஒற்றைக் கரண்டிகளுக்கும் நடுவே இது கிடந்தது. விற்றவர் சீன முதியவர். “டுயிட் லாமா” என்று மலாயில் சொல்லி ஐந்து விரல்களைக் காட்டினார். பழைய காசு, ஐந்து வெள்ளி. பேரம் பேசாமல் வாங்கினேன்.

இதன் ஒருபுறம் போர்த்துகல் அரச முத்திரை. மறுபுறம் ஒரு சிலுவை. சிலுவையின் நான்கு மூலைகளிலும் மூலைக்கு ஓர் எண்ணாக, அடிக்கப்பட்ட ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். என் காசில் இரண்டு எண்கள் தேய்ந்துவிட்டன. குசராத்தின் சௌராட்டிரக் கரையை ஒட்டிய தியூ என்னும் சிறு தீவில் புழங்கியது இது. போர்த்துகீசியர் 1535இல் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினர். 1961 திசம்பரில்தான் அத்தீவு இந்தியாவின் வசமாயிற்று. இத்தகைய சிறு மதிப்புக் காசுகளைப் ‘பசருக்கோ’ என்றனர். ஏழைகள் காய்கறி வாங்கப் பயன்பட்ட சில்லறை. பொற்காசைப் பூட்டி வைப்பார்கள். பசருக்கோவைத் தேயத் தேயக் கைமாற்றுவார்கள். ஆகவே நல்ல நிலையில் ஒன்று கிடைப்பது அரிது.

இது ஈயம். காரீயமா, வெள்ளீயமா என்று கேட்பீர்கள். தியூவில் இரண்டிலும் காசு அடித்தார்கள். தமிழ் இவ்விரு உலோகங்களையும் ஈயம் என்ற ஒரே பெயரில் அடக்கி, நிறத்தால் பிரிக்கிறது. மலாயும் அவ்வாறே: திமா ஈத்தாம் கரியது, திமா பூத்தே வெள்ளியது. புக்கிட் தீமாவில் குடியிருப்போர் இதை நினைவில் வைக்கலாம். நம் பக்கத்து மலாக்காவிலும் இதே கதைதான். 1511இல் அந்நகரைக் கைப்பற்றிய அல்புகெர்க்கே, மலாய் மண்ணின் வெள்ளீயத்தில் தினேரோ, சோல்தோ, பஸ்தார்தோ என மூவகைக் காசுகளை வெளியிட்டார். பத்துத் தினேரோ ஒரு சோல்தோ. பத்துச் சோல்தோ ஒரு பஸ்தார்தோ. புதுப்பணம் வந்த செய்தியை யானைகளோடு ஊர்வலம் விட்டு, கூட்டத்தின்மேல் காசுகளை வாரி இறைத்து அறிவித்தனர். அன்றைய மலாக்காவில் தமிழ் வணிகர் செல்வாக்குடன் வாழ்ந்தனர். இறைத்த காசைப் பொறுக்கிய கூட்டத்தில் தமிழ்ப் பேச்சும் கேட்டிருக்கும் என்றே எண்ணுகிறேன்.

சேகரிக்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு சொல். ஈயக் காசை மரப்பேழையிலோ அட்டைப்பெட்டியிலோ வைக்காதீர்கள். அவற்றிலிருந்து கசியும் அமில ஆவி காரீயத்தை வெண்பொடியாக அரித்துவிடும். நம் ஊர் ஈரக்காற்று அதற்குத் துணை செய்யும். மலிவான பிவிசி உறைகளும் கேடு. பளபளப்பாக்கும் ஆசையில் தேய்த்தீர்களானால், இருக்கும் எழுத்தும் போய்விடும்.

இனி அந்த முதியவர் சொன்ன சொல்லுக்கு வருகிறேன். ‘டுயிட்’ என்பது டச்சுக்காரர்களின் சிறு செப்புக் காசின் பெயர். 1726 முதல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் முத்திரையோடு அதை ஆசியாவுக்கென அடித்தது. மலாயில் அது பணத்துக்கே பெயராயிற்று. தமிழில் ‘துட்டு’ ஆயிற்று. இந்த ஈசூன் அடுக்குமாடிகளில் மலாய்ப் பாட்டி ‘டுயிட்’ என்பதும் தமிழ்ப் பாட்டி ‘துட்டு’ என்பதும் ஒரே காசைத்தான். அதுபோலவே நாம் ‘ஏலம்’ என்பதும், மலாயர் ‘லெலோங்’ என்பதும் போர்த்துகீசிய ‘லெய்லாவ்’ என்ற ஒரே சொல்லின் பிள்ளைகள். இவ்வூரின் பெயருக்கு மூலமான லிம் நீ சூன் பயிரிட்டுப் பெரும்பொருள் ஈட்டிய அன்னாசிக்குக்கூட அக்கப்பல்களில் வந்த பெயர்தான்.

இப்போது என் பிழை. “ஆங்கிலக் ‘கேஷ்’ நம் ‘காசு’தான்” என்று ஆண்டுதோறும் வகுப்பில் பெருமிதத்தோடு சொல்வேன். மாணவர் முகம் மலரும், எனக்கும் மகிழ்ச்சி. ஒருமுறை, மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சு படித்த மாணவி ஒருவர் எழுந்து, “ஐயா, கடையில் பணம் வைக்கும் பெட்டிக்குப் பிரெஞ்சில் ‘கேஸ்’ என்கிறார்களே, ‘கேஷ்’ அதிலிருந்து வந்திருக்காதா?” என்று கேட்டார். “தமிழ் அதைவிடத் தொன்மையானது அம்மா” என்று சொல்லி அமர வைத்தேன். வகுப்பு சிரித்தது. அவர் அதன்பின் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

பல ஆண்டுகள் கழித்து இந்தத் தியூக் காசை அடையாளம் காண நாணயப் பட்டியல்களைப் புரட்டினேன். அங்கே நடுவில் சதுரத் துளையிட்ட சீனக் காசுகளுக்கு ‘கேஷ்’ என்று பெயரிட்டிருந்தார்கள். சீனக் காசுக்கு ஏன் இப்பெயர் என்று பெரிய ஆங்கில அகராதியைத் திறந்தால், ‘கேஷ்’ இரண்டு தனித்தனிச் சொற்களாகப் பதிவாகியிருந்தது. கைரொக்கம் என்னும் பொருளுடைய ‘கேஷ்’, பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. கீழைநாட்டுச் சிறுகாசைக் குறிக்கும் ‘கேஷ்’ தமிழ்க் ‘காசு’. போர்த்துகீசியர் அதைக் ‘கைஷா’ என்று எழுதினர். அவர்கள் மொழியில் கைஷா என்றால் பெட்டி என்றும் பொருள் உண்டு. கேட்ட அயற்சொல்லைத் தமக்குத் தெரிந்த சொல்லின் வடிவில் ஒலித்தார்கள். ஆக, மாணவி கேட்டது சரி. நான் சொன்னதில் பாதி சரி.

அந்தப் பாதியும் சிறிதன்று என்பேன். சோழமண்டலக் கரையில் பிறந்த சொல் போர்த்துகீசியர் வாயேறி, சீனப் பேரரசின் காசுக்கு ஆங்கிலத்தில் பெயராக நிற்கிறது. ‘பணம்’ என்பதும் ‘ஃபனாவ்’, ‘ஃபனம்’ எனத் திரிந்து பயணம் செய்தது. சென்னையில் கம்பெனியார் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். சான்றுள்ள செய்தியே இவ்வளவு இருக்க, இல்லாததை ஏன் சேர்த்தேன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. கைதட்டலுக்காகத்தான் இருக்க வேண்டும்.

சிங்கப்பூர்த் தமிழர் டாலரை ‘வெள்ளி’ என்கிறோம். வெள்ளியில் டாலர் வார்த்த காலம் போய் நெடுநாளாயிற்று, சொல் போகவில்லை. 1985 முதல் வந்த நம் நாணயங்களில் நாட்டின் பெயர் தமிழிலும் இருக்கிறது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

அந்த மாணவி இப்போது எங்கிருக்கிறார் என்று அறியேன். இந்த அவையில் இருந்தால், உரை முடிந்ததும் முன்னே வந்து இக்காசை முதலில் கையில் வாங்கிப் பார்க்க வேண்டுகிறேன். மற்றவர்களும் பார்க்கலாம். பார்த்தபின் மறவாமல் கை கழுவுங்கள். காரீயமாக இருந்தால் நஞ்சு.